அடைக்கு உட்காராத கோழி

என் வீட்டுக்காரருக்கு பஸ் வந்தால் ஸ்தோத்திரம். நிற்காமல் போய்விட்டால் அதற்கும் ஸ்தோத்திரம், அடுத்த பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்குமாம். தேவசகாயம் என்று பேர், மின்வாரியத்தில் லைன்மேன். கம்பத்தில் ஏறும்போது ஒன்று சொல்வார், இறங்கினதும் ஒன்று. குழம்பில் உப்பு கம்மியாகப் போனால்கூட, "ஜாஸ்தி ஆவலயே, ஸ்தோத்திரம்" என்று தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "கர்த்தருக்குக் காது வலிக்கப் போவுதுங்க, கொஞ்சம் விட்டுக் குடுங்க" என்பேன். அதற்கும் சிரிப்பார்.

நான் அப்படி இல்லை. இருபத்தைந்து வருஷமாக வீட்டில் மெஷின் போட்டு ரவிக்கை தைக்கிறேன். கோணல் தையலைக் கண்டால் கை தானாகப் பிரித்துவிடும். வாயும் அப்படித்தான். பெண்கள் சங்கத்தில் ஒரு தடவை எஸ்தரக்கா எழுந்து சாட்சி சொன்னார்கள். மாணவியர் விடுதியில் சமையல் வேலை பார்க்கிற விதவை அவர்கள். காலையில் எழுந்தது, பல் விளக்கியது, அடுப்புப் பற்ற வைத்தது, எல்லாவற்றிலும் கர்த்தர் எப்படிக் கூட இருந்தார் என்று முக்கால் மணி நேரம். "அக்கா, நீங்க முடிக்கறதுக்குள்ள அவரே ரெண்டாம் வருகைக்கு வந்துடுவாரு" என்றேன். சங்கமே சிரித்துவிட்டது. அதற்குப் பிறகு நாலு வருஷம் எஸ்தரக்கா என்னோடு பேசவில்லை. கோயிலில் ஒரே பெஞ்சில் உட்கார நேர்ந்தால் நடுவில் பைபிளை வைத்துவிடுவார்கள்.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், எனக்கு வந்த நோய் இப்போது எங்கள் சங்கத்திலேயே இரண்டு பேருக்கு வந்திருக்கிறது. வேலூரில் என்ன செய்வார்கள், வலிக்குமா, முடி கொட்டுமா என்று வீட்டுக்கு வந்து கேட்கிறார்கள். வாயால் சொன்னால் எனக்கு மூச்சு வாங்குகிறது. எழுதி வைத்தால் படித்துக்கொள்வார்கள்.

எமர்ஜென்சி முடிந்து இரண்டு வருஷம் இருக்கும். மாதவிலக்கு நின்றுபோன எனக்கு மறுபடி ரத்தம் பட்டது. வெட்கப்பட்டுக்கொண்டு மூன்று மாதம் யாரிடமும் சொல்லவில்லை. தையல்காரிக்கு வெட்டுத் துணிக்கா பஞ்சம்? சமாளித்துக்கொண்டிருந்தேன். அம்மாமார்களே, இந்த ஒன்றை மட்டும் என் மாதிரி செய்யாதீர்கள். நின்ற பிறகு பட்டால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, நார்க்கட்டி இருக்கிறது, கர்ப்பப்பையை எடுத்துவிடுவது நல்லது என்றார்கள். நார்க்கட்டி என்றால் கர்ப்பப்பைச் சதையில் உருண்டையாக வளர்வது, பெரும்பாலும் கெடுதல் செய்யாதாம். அடுத்த வாரமே ஆபரேஷன். மயக்கம் தெளிந்து மூன்றாம் நாள் கட்டைப் பிரித்தபோது தையலை எட்டிப் பார்த்தேன். பதினோரு தையல். இடைவெளி ஒன்றுபோல இல்லை. நானாக இருந்தால் பிரித்துத் தைத்திருப்பேன்.

எடுத்ததை ஒரு பாட்டிலில் மருந்துத் தண்ணீர் ஊற்றிப் போட்டு, வேலூருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்கள். அங்கே மெல்லிசாகச் சீவி, பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்ப்பார்கள். சதைப் பரிசோதனை என்று பேர். யாருக்கு எடுத்தாலும் அனுப்புவதுதான் வழக்கம், பயப்பட வேண்டாம் என்றார்கள். எங்கள் ஊரில் வீட்டுக்காரர்கள்தான் எடுத்துக்கொண்டு போகவேண்டும். இவர் ஒயர் கூடையில் துண்டு சுற்றி வைத்து எடுத்துக்கொண்டு போனார். சாயங்காலம் திரும்பி வந்து, "போளூர் வரைக்கும்தான் நின்னுகினு போனேன். அப்பறம் எடம் கெடச்சுது. மடியில வெச்சுக்கினேன். ஸ்தோத்திரம்" என்றார்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஒரு பிள்ளையையும் சுமக்காத அந்தப் பை அவர் மடியில் உட்கார்ந்துகொண்டு வேலூருக்குப் போயிருக்கிறது. சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். தையல் வலிக்கிறது என்று நினைத்து நர்ஸம்மாவைக் கூப்பிட ஓடினார்.

நான் இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே அறுப்பின் பண்டிகை வந்துவிட்டது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வருஷத்துக்கு ஒருமுறை அவரவர் விளைச்சலைக் கோயிலுக்குக் கொண்டுவந்து படைப்போம். நெல், வேர்க்கடலை, பூசணி, ஆடு, கோழி எது இருக்கிறதோ அது. அந்த வருஷம் பெற்ற நன்மையை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால் ஐயர், அதாவது எங்கள் சபைப் போதகர், ஆராதனையில் வாசிப்பார். அந்தக் குடும்பத்தார் தங்கள் இடத்தில் எழுந்து நிற்கவேண்டும். ஆராதனை முடிந்ததும் மரத்தடியில் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இவர் வெள்ளை வேட்டியோடு முகமெல்லாம் பல்லாக வார்டுக்குள் வந்தார்.

"சாந்தா, ஒனக்கு சுகம் ஆன சீட்ட ஐயரு வாசிச்சுட்டாரு. நான் எழுந்து நின்னேன்."

"இன்னா படைச்சீங்க?"

கொஞ்சம் இழுத்தார். "செவலையத்தான்."

செவலை நான் குஞ்சிலிருந்து வளர்த்த கோழி. இன்னும் முட்டைக்கு வரவில்லை. மெஷின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு நான் தைப்பதை ஒரு கண்ணால் பார்க்கும்.

"என்னக் கேக்கலயே நீங்க. யாரு எடுத்தாங்க?"

"எஸ்தரக்கா. பள்ளிக்கூடத்து வாத்தியாரு ஏலத்த ஏத்திக்கினே போனாரு, அக்கா விடவே இல்ல."

"எடுத்திருப்பாங்க! என் மேல இருக்கற கோவத்துக்கு இந்நேரம் கொழம்பு கொதிக்கும்" என்றேன். அப்புறம்தான் உறைத்தது. "ஏங்க, வேலூர் ரிசல்ட்டே இன்னும் வரலயே. அதுக்குள்ள எதுக்கு சீட்டு குடுத்தீங்க?"

"அடுத்த பண்டிகைக்கு ஒரு வருஷம் ஆவுமே சாந்தா. அதுவரைக்கும் கர்த்தரக் காக்க வெக்கலாமா?" என்றார்.

வியாழக்கிழமை கடிதம் வந்துவிட்டது. டாக்டரம்மா அதை இரண்டு தடவை படித்துவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்கள். டாக்டர் கட்டிலில் உட்கார்ந்தால் நல்ல சேதி இல்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். நார்க்கட்டியும் இருந்ததாம், அதற்குப் பக்கத்தில் புற்றும் இருந்ததாம். உடம்பில் சதை ஓர் அளவுக்கு வளர்ந்தால் நின்றுவிடும், இது மட்டும் சொன்ன பேச்சு கேட்காமல் வளர்ந்துகொண்டே போகும், பக்கத்திலும் பரவும் என்று பொறுமையாகச் சொன்னார்கள். எடுத்தது போக மிச்சம் இருக்கலாம். வேலூருக்குப் போய் கரண்ட் வைத்துக்கொள்ள வேண்டும்.

அவர்கள் போன பிறகு, டிபன் கேரியரைக் கையில் பிடித்துக்கொண்டு இவர் நின்றுகொண்டிருந்தார். அப்போது நான் சொன்ன வார்த்தையை இங்கே எழுதத்தான் வேண்டும். எழுதாவிட்டால் மற்றதெல்லாம் பொய்.

கல்யாணமான மூன்றாம் வருஷம் எனக்கு ஐம்பது நாள் தள்ளிப்போனது. இவருக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த வாரம்தான் அறுப்பின் பண்டிகை, சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். ஐயர் வாசித்தார், நான் எழுந்து நின்றேன், சபையே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அடுத்த வெள்ளிக்கிழமை கலைந்துவிட்டது. அதற்குப் பிறகு தங்கவே இல்லை. அதைப்பற்றி நாங்கள் பேசியதே கிடையாது.

அன்றைக்கு நான் பேசினேன். "அன்னிக்கும் முந்திக்கினு போயி ஸ்தோத்திரம் சொன்னீங்க. இன்னிக்கும் சொன்னீங்க. ஒங்க வாய் பட்டா எதுவும் தங்காதுங்க."

கேரியரைத் திறந்து சோறு போட்டார். சாப்பாட்டுக்கு முன்னால் வழக்கமாகச் சத்தமாய் ஜெபிப்பார், பக்கத்துக் கட்டில்காரர்களெல்லாம்கூடக் கை கூப்புவார்கள். அன்றைக்குக் கண்ணை மூடி உதட்டை மட்டும் அசைத்தார். அந்த நாளோடு ஸ்தோத்திரம் என்கிற சொல் அவர் வாயிலிருந்து போய்விட்டது. பஸ் வந்தது, போனது. கம்பத்தில் ஏறினார், இறங்கினார். வாயைத் திறக்கவில்லை. நான் இத்தனை வருஷம் கேலி பண்ணின சொல் இல்லாமல் வீடு விறைத்துப்போய்க் கிடந்தது.

எங்கள் ஊர் மலைத் தீபத்துக்கு வந்த கூட்டம் வடிந்து பஸ்ஸில் ஏற முடிந்த பிறகு வேலூருக்குப் போனோம். ஐந்து வாரம் வார்டில் இருக்கச் சொன்னார்கள். இவருக்கு லீவு முதல் வாரம்தான் கிடைத்தது, மற்றபடி சனிக்கிழமை சனிக்கிழமை வருவார்.

கரண்ட் என்றால் பயந்துவிடாதீர்கள். மின்சாரம் பாய்ச்சுவது இல்லை. எக்ஸ்ரே மாதிரி, அதைவிடப் பலமான கதிர். அடிவயிற்றில் ஊதா மையால் கோடு போடுவார்கள். நான் துணியில் சாக்பீஸ் போடுவதுபோலத்தான், ஆனால் அவர்கள் கோடு நேராக இருந்தது. அந்தக் கோடு அழியக்கூடாது, அதனால் அங்கே சோப்புப் போடக்கூடாது. பலகை மேல் படுக்க வைத்து, பெரிய மெஷினைத் தலைக்கு மேல் கொண்டுவருவார்கள். வலிக்கவே வலிக்காது. ஆனால் "அசையாதீங்கம்மா" என்று சொல்லிவிட்டு எல்லாரும் வெளியே போய் கனத்த கதவை மூடிவிடுவார்கள் பாருங்கள், அதுதான். உள்ளே நான் மட்டும். ஜெபம் பண்ணலாம் என்று பார்த்தால் வாயில் வருவது ஒன்றே ஒன்று: பயமா இருக்குது, பயமா இருக்குது. அதுவும் ஜெபம்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

இரண்டாவது வாரம் கழிச்சல் ஆரம்பித்தது. நாளைக்கு எட்டு தடவை, பத்து தடவை. சோற்றைப் பார்த்தாலே குமட்டியது. கோடு போட்ட இடம் கருத்து எரிந்தது. ரத்தம் கம்மியாகிவிட்டது, முட்டை சாப்பிட்டே ஆகவேண்டும், இல்லாவிட்டால் கரண்டை நிறுத்தி வைக்கவேண்டி வரும் என்றார்கள்.

அந்தச் சனிக்கிழமை இவர் ஒரு பால் டப்பாவை எடுத்து வந்தார். உள்ளே உமி. உமிக்குள் ஏழு முட்டை, சின்னச் சின்னதாகப் பழுப்பு நிறத்தில்.

"எஸ்தரக்கா குடுத்தாங்க. ஒன் கோழி போட்டதாம்."

"கொழம்பு வெக்கலயா அது?"

"இல்ல. பத்தரமா இருக்குது. வாத்தியாரு கொழம்புக்குத்தான் கேட்டாராம். அதனாலதான் அக்கா ஏலத்த ஏத்தி எடுத்தாங்களாம்."

வார்டு அம்மாள் வேக வைத்துக் கொடுத்தார்கள். அதுமட்டும் வயிற்றில் தங்கியது. அடுத்த சனிக்கிழமையும் ஏழு. நான்காவது சனிக்கிழமை டப்பாவைத் திறந்தேன். உமிக்குள் கை விட்டு ஒன்றை எடுத்தேன். பெரிசாக, வெள்ளை வெளேரென்று இருந்தது.

கோழி வளர்த்தவர்களுக்குத் தெரியும். நாட்டுக்கோழி பதினைந்து முட்டை போட்டால் அதிகம், அதன் பிறகு அடைக்கு உட்கார்ந்துவிடும், முட்டை போடாது. ஏழும் ஏழும் பதினாலு. செவலை உட்கார்ந்துவிட்டது. எஸ்தரக்கா கடையில் பண்ணை முட்டை வாங்கி, அதே உமியில் புதைத்து, அதே டப்பாவில் அனுப்பியிருக்கிறார்கள்.

"இது யாரு போட்டதாம்?" என்றேன்.

"ஒன் கோழிதான்னு அக்கா சொன்னாங்க" என்றார் இவர். கம்பத்தைத் தவிர வேறெதுவும் தெரியாத மனுஷன்.

சிரிக்க ஆரம்பித்தேன். வயிறு எரிய எரியச் சிரித்தேன். பிறகு அந்த முட்டையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதேன். முக்கால் மணி நேரம் சாட்சி சொல்கிற மனுஷி, இந்த ஒன்றை மட்டும் வாயைத் திறந்து சொல்லாமல் இருக்கிறாளே என்று இருந்தது. 'ஸ்தோத்திரம்' என்று என் வாயில் தானாக வந்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, எதுவும் குணமாகவும் இல்லை. அதுவரை, தைத்து முடித்த ரவிக்கையைப் போட்டுப் பார்த்து, சரியாக இருந்தால்தான் நன்றி சொல்வது என்று இருந்தவள் நான்.

அன்றிலிருந்து தினமும் ஒன்று சொல்லிப் பழகினேன். இன்றைக்கு ஐந்து தடவைதான் கழிந்தது. கதவை மூடுகிற பையன் மூடுவதற்கு முன்னால் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். கஞ்சி சூடாக இருந்தது. பெரிசாக ஒன்றும் இல்லை. சில நாள் தேடித் தேடிப் பார்த்தும் ஒன்றும் கிடைக்காமல் முனகிக்கொண்டே தூங்கியதும் உண்டு. ஆனாலும் இல்லாததையே எண்ணிக்கொண்டிருந்தவளுக்கு இருப்பது கண்ணில் பட ஆரம்பித்தது.

ஐந்து வாரம் முடிந்து ஊருக்குக் கிளம்பினோம். பஸ்ஸில் ஏறினதுமே இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது. அவர் சொல்வார் என்று முகத்தைப் பார்த்தேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, எடம் கெடச்சுதே. ஒண்ணும் சொல்லலயா?"

மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

"நான் கோவத்துல சொன்னது அது. தப்புதான். மன்னிச்சுக்கோங்க."

"ஒம்மேல கோவம் இல்ல சாந்தா," என்றார். "எனக்கு பயமா இருக்குது. நான் சொல்லி ஒனக்கு இன்னாவாச்சும் ஆயிடப் போவுதோன்னு. நீ நல்லா இருந்தா போதும், நான் வாயத் தொறக்கல."

கத்தரிக்கோலால் துணியைத்தான் வெட்டுவேன் என்று இருந்தேன். ஒரு மனுஷனை இப்படி வெட்டியிருக்கிறேன். மலை கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் கழித்து, நடக்கத் தெம்பு வந்ததும் எஸ்தரக்கா வீட்டுக்குப் போனேன். செவலை கொல்லையில் குஞ்சுகளோடு மேய்ந்துகொண்டிருந்தது. என் கண் அங்கே போனதைப் பார்த்து அக்கா குறுக்கே வந்து நின்றார்கள்.

"ஒன் கோழி தங்கம், சாந்தா," என்றார்கள். "அடைக்கே உக்கார மாட்டேங்குது. போட்டுக்கினே இருக்குது."

"அப்போ அந்தக் குஞ்சுங்க?"

"அது... வேற கோழிது."

"சரிக்கா" என்றேன். என் வாழ்நாளில் தெரிந்தே பிரிக்காமல் விட்ட முதல் கோணல் தையல் அது. அதற்குப் பிறகும் வாரா வாரம் நாலு முட்டை வந்துகொண்டே இருந்தது. வெள்ளை முட்டைதான். இரண்டு வருஷத்துக்கு மேல் அந்தக் கோழி ஒரு நாள்கூட ஓயவில்லை!

அந்த இரண்டு வருஷமும் நன்றாக இருந்தேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேலூர், பார்த்துவிட்டு, போகலாம் என்பார்கள். மெஷின் மிதித்தேன். இவர் மட்டும் மாறவில்லை. ஒவ்வொரு தடவை டாக்டர் நல்லா இருக்கிறது என்று சொல்லும்போதும் உதட்டைக் கடித்துக்கொள்வார்.

இந்த வருஷம் ஆடியில் இருமல் வந்தது. சளி மருந்துக்கு நிற்கவில்லை. வேலூரில் எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்கள். இரண்டு பக்க நெஞ்சிலும் வெள்ளைச் சட்டைப் பொத்தான்கள்போல வட்ட வட்டமாக இருந்தது. நுரையீரலுக்கு வந்துவிட்டதாம். இனி கரண்ட் வைத்துப் பிரயோஜனம் இல்லை, வலிக்கும் மூச்சுக்கும் மருந்து தருகிறோம், வீட்டில் இருங்கள் என்றார்கள். எத்தனை நாள் என்று நான் கேட்டேன். மாதக் கணக்குதான் என்றார்கள். இவர் வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றார்.

எனக்குச் சாவு பயம் இல்லை என்று எழுதமாட்டேன். இருக்கிறது. படுக்கையில் மூச்சு முட்டும்போது நிறையவே இருக்கிறது. ஆனால் அதைவிட ஒன்று அரித்தது. நான் போய்விட்டால், என் வார்த்தை அவர் வாயில் பூட்டாகவே நின்றுவிடும். சோற்றுத் தட்டுக்கு முன்னால்கூட வாயைத் திறக்கப் பயந்துகொண்டு தனியாக உட்கார்ந்திருப்பார். அந்தப் பூட்டை நான் இருக்கும்போதே திறந்தாக வேண்டும்.

அறுப்பின் பண்டிகை வந்தது. அவருக்குத் தெரியாமல் நானே சீட்டு எழுதி ஐயருக்குக் கொடுத்தனுப்பினேன். ஐயர் அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அம்மா, சுகம் வேணும்னு ஒரு வரி சேத்துக்கலாமா?"

"அதுக்குத் தனியா ஜெபம் பண்ணுங்க ஐயா. இதுல கலக்காதீங்க. இது வாங்கினதுக்கு" என்றேன்.

போன ஞாயிறு ரிக்‌ஷாவில் கோயிலுக்குப் போனோம். அவர் ஆண்கள் பக்கம், நான் பெண்கள் பக்கம், எஸ்தரக்கா பக்கத்தில். நடுவில் பைபிள் இல்லை. ஐயர் சீட்டுகளை வாசித்துக்கொண்டே வந்து எங்களுடையதை எடுத்தார்.

"வாரா வாரம் வந்த முட்டைகளுக்காகவும், இரண்டு வருஷம் நன்றாக வந்த மூச்சுக்காகவும், பஸ்ஸில் கிடைத்த இடங்களுக்காகவும், ஐம்பது நாள் எங்களோடு இருந்த பிள்ளைக்காகவும், தேவசகாயம், சாந்தகுமாரி குடும்பத்தார் ஸ்தோத்திரம் செலுத்துகிறார்கள்."

நான் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். முழங்கையை எஸ்தரக்கா தாங்கிக்கொண்டார்கள். அந்தப் பக்கம் பார்த்தேன். இவர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். சபை காத்துக்கொண்டிருந்தது. எனக்கு மூச்சு இழுத்தது, ஆனாலும் நான் உட்காரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்தார். என்னை நேராகப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை, கண்ணீர் மட்டும் சட்டையில் விழுந்தது.

ஏலத்துக்கு நிற்கவில்லை. வாசலில் ஒரு ரிக்‌ஷாகூட இல்லை. அவர் தோளில் சாய்ந்துகொண்டு வெயிலில் நின்றேன். தேரடிப் பக்கமிருந்து ஒன்று காலியாக வந்து, எங்கள் முன்னால் நின்றது.

"ஸ்தோத்திரம்" என்றார்.

கர்த்தருக்குக் காது வலிக்கும் என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை. அவர் கையைப் பிடித்து ஏறி உட்கார்ந்தேன்.